நகரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஏரி, டேமுக்கு லீவு நாள்ல போனா என்ன பண்ணலாம், எதைப் பண்ணக்கூடாது?

கேள்வி இதுதான்: பெரிய நகரத்தைச் சுத்தி ஏரியும் நீர்த்தேக்கமும் இருக்கு, லீவு நாள்ல குடும்பத்தோட போய் குளிக்கலாமா, படகு ஓட்டலாமா, எந்த இடத்தை எதைப் பார்த்து தேர்ந்தெடுக்கிறது?

நேரா பதிலைச் சொல்லிடறேன். தாராளமா போங்க. நடங்க, கயாக் (துடுப்பு போடற ஒல்லியான சின்ன படகு) ஓட்டுங்க, பறவை பாருங்க, அனுமதி இருந்தா தூண்டில் போடுங்க. குளிக்கணும்னா மட்டும் அதுக்குன்னே ஒதுக்கி லைஃப்கார்டு போட்டிருக்கிற ஏரிக்கரையாப் பார்த்துப் போங்க, நீர்த்தேக்கத்துல இறங்கவே வேணாம். வருஷக்கணக்கா இந்த மாதிரி இடங்கள்ல துடுப்பு போடறேன், இந்த ஒரு விஷயத்துல யார் கேட்டாலும் இதேதான் சொல்வேன்.

பார்க்கிறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தண்ணி, கரை, மரம், காத்து. ஆனா நீர்த்தேக்கம்ங்கிறது ஆத்தை மறிச்சு ஒரு பள்ளத்தாக்கையே நிரப்பினது, அதனால தண்ணிக்கு அடியில பழைய ரோடு, வீட்டு அஸ்திவாரம், வேலி, வெட்டின மரத்தோட அடிக்கட்டைன்னு என்ன வேணா இருக்கலாம். அமெரிக்காவுல பாஸ்டன் பகுதிக்குத் தண்ணி குடுக்கிற குவாபின் நீர்த்தேக்கத்துக்காக 1938ல டானா, என்ஃபீல்டு, கிரீனிச், பிரெஸ்காட்னு நாலு ஊரையே கலைச்சாங்க, அந்த ஊர்களுக்குப் போன பழைய ரோட்டுல இன்னைக்கு நடந்து போனா சில இடத்துல ரோடு நேரா தண்ணிக்குள்ள இறங்கி மறைஞ்சிடும். நாலு அடி எடுத்து வைக்கிற வரைக்கும் முழங்கால் ஆழம், அஞ்சாவது அடியில தலைக்கு மேலன்னு இருக்கிறதுக்கும் காரணம் இந்த மாதிரி அடித்தரைதான்.

ரெண்டாவது, அங்க தண்ணி தானா நகர்றது இல்ல, யாரோ ஷட்டரைத் திறந்து மூடுறாங்க. மதகு, தண்ணி எடுக்கிற கோபுரம் இதுக்குக் கிட்டலாம் போகக்கூடாதுன்னு மிதவை கட்டி சங்கிலி போட்டிருப்பாங்க, நிறைய பேரு அதை ஏதோ சம்பிரதாயத்துக்குக் கட்டினதா நினைச்சு தாண்டிப் போறாங்க. ஒரு சின்ன கணக்கு பாருங்க. பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனா ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் தண்ணி கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையில அழுத்தும். அப்போ அஞ்சு மீட்டர் ஆழத்துல, முப்பது சென்டிமீட்டருக்கு முப்பதுன்னு ஒரு சின்ன திறப்பு இருக்கு, அந்தப் பக்கம் குழாய் வெறும் காத்தா இருக்குன்னா, அதை அடைச்சுக்கிட்டு நிக்கிற ஆளை நானூத்தம்பது கிலோ தள்ளிப் பிடிக்கும். எந்த நீச்சல்காரனாலயும் அதுல இருந்து பிச்சுக்கிட்டு வர முடியாது, மேல தண்ணியில ஒரு சுழல்கூட தெரியாம இருக்கலாம், அதுதான் பயங்கரம்.

அணைக்குக் கீழ்ப்பக்கம் இன்னும் ஆசை காட்டும். பாறை, கணுக்கால் அளவு தண்ணி, பசங்க விளையாட ஜோரான இடம் மாதிரி இருக்கும், மேல வானம் தெளிவா இருக்கும், ஆனா மழை எங்கயோ தள்ளி நீர்ப்பிடிப்பு பகுதியில பெஞ்சிருக்கும், இல்லன்னா மின்சாரத் தேவைக்காக திறந்து விடுவாங்க, சைரன் கேட்டதுக்கப்புறம் ஆத்துக்கு நடுவுல இருந்து கரைக்கு வர உங்களுக்கு நேரம் போதாமப் போகலாம். கலங்கல், தடுப்பணை மாதிரி தண்ணி வழிஞ்சு விழுற இடத்துல, விழுந்த தண்ணி அடியில போய் மேல வந்து திரும்ப சுவரை நோக்கியே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அந்த உருட்டல்ல இருந்து வெளிய வர்றது ரொம்பக் கஷ்டம், காப்பாத்த இறங்கினவங்களும் அதே இடத்துல மாட்டிக்கிறது இதனாலதான்.

சேறு பத்தி யாரும் எச்சரிக்கிறது இல்லன்னு எனக்கு வருத்தம். நீர்மட்டம் இறங்கியிருக்கிற சீசன்ல கரையில நின்னு பாருங்க, மண்ணு மேல கோடு கோடா வரிசையா தெரியும், தண்ணி ஒவ்வொரு கட்டமா இறங்கின அடையாளம். மேல் கோட்டுக்கிட்ட வண்டல் நல்லா காஞ்சு பாளம் பாளமா வெடிச்சு ஓரம் மேல சுருண்டு நிக்கும், அங்க தரை அநேகமா கெட்டியா இருக்கும். இன்னும் கீழ வந்தா வெடிப்பு சின்னதாகும், ஓரம் சுருளாது, வெடிப்புக்குள்ள எட்டிப் பார்த்தா கருப்பா ஈரம் தெரியும், அங்கயே நின்னுடுங்க. அதுக்கும் கீழ வெடிப்பே இல்லாம மழமழன்னு பளபளக்கிற ஒரு பட்டை இருக்கும், பறவையோட கால்தடம் மட்டும் அழகா பதிஞ்சிருக்கும், நம்ம எடைக்கு அது தொடை வரைக்கும் உள்ள வாங்கிடும். மாட்டிக்கிட்டா காலை வெடுக்குனு இழுக்காதீங்க, பின்னாடி சாஞ்சு உக்காந்து எடையைப் பரப்பிட்டு ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்கணும், கூட வந்தவங்க ஓடி வராம பலகையோ துடுப்போ நீட்டணும்.

குளிரும் அப்படித்தான். வெயில்ல மேல் தண்ணி இதமா இருக்கும், ஆழமான தேக்கத்துல சில மீட்டர் கீழ போனா சட்டுனு வேற தண்ணி, ஏன்னா சூடான தண்ணி லேசு, மேலயே நிக்கும், குளிர்ந்தது அடியிலயே படுத்துக்கும். மேல இருந்து குதிக்கிறவன் நேரா அந்தக் குளிருக்குள்ள போறான். தண்ணி பதினஞ்சு டிகிரிக்குக் கீழ இருந்தா உடம்பு நம்மளைக் கேக்காமலே மூச்சை இழுக்கும், அந்த நேரத்துல தலை உள்ள இருந்துச்சுன்னா அவ்வளவுதான். தவறி விழுந்துட்டா முதல் ஒரு நிமிஷம் நீந்தப் பார்க்காம மல்லாக்க மிதந்து மூச்சை நிதானத்துக்குக் கொண்டு வாங்க, அதுக்கப்புறம் கரையைப் பத்தி யோசிக்கலாம்.

குடிதண்ணி தேக்கத்துல குளிக்க விடாததுக்கு இன்னொரு நியாயமும் இருக்கு. மனுஷக் கழிவுல இருந்து பரவுற கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி குளோரினுக்கு அசையாது. 1993ல அமெரிக்காவோட மில்வாக்கி நகரத்துல இது குழாய்த் தண்ணியில கலந்து கிட்டத்தட்ட நாலு லட்சம் பேருக்கு வயித்துப்போக்கு வந்துச்சு. அந்தத் தண்ணி வந்தது பெரிய ஏரியில இருந்து, அது குளிச்சவங்களால வந்துச்சுன்னு நான் சொல்லல, ஆனா ஒரு ஊரே குடிக்கிற தண்ணிக்கு இவ்வளவு கட்டுப்பாடு ஏன்னு புரிஞ்சுக்க இது போதும். படகுக்கும் அதே கதைதான். காஸ்பியன், கருங்கடல் பக்கத்து வரிக்குதிரைச் சிப்பி 1988ல வட அமெரிக்கப் பேரேரிகள்ல தெரிய வந்துச்சு, அங்க இருந்து படகுல ஒட்டிக்கிட்டு ஏரி ஏரியாப் பரவி தண்ணிக் குழாய்களையே அடைச்சிருக்கு. நியூயார்க் நகரத்தோட தேக்கங்கள்ல படகை நீராவியால கழுவின பிறகுதான் இறக்க விடறாங்க. ஒரு ஏரியில ஓட்டின கயாக்கை இன்னொன்னுல போடறதுக்கு முன்னாடி கழுவி, உள்ள இருக்கிற தண்ணியை வடிச்சு, நல்லா காய வைங்க. யாரும் பார்க்கலன்னாலும் செய்யுங்க.

இப்போ சந்தோஷமான பகுதிக்கு வரேன். இடத்தைத் தேர்ந்தெடுக்கிறப்போ எல்லாரும் அணைச்சுவர் பக்கம் போறாங்க, போட்டோ எடுக்க அது சரி. ஆனா ஆத்துத் தண்ணி வந்து தேக்கத்துல சேர்ற முனை இருக்கு பாருங்க, அதான் உசுரோட இருக்கிற இடம். ஆழம் கம்மி, நாணல் இருக்கும், வண்டல்ல புழு பூச்சி நிறைய, அதைத் தேடி உள்ளான், கொக்கு, முக்குளிப்பான் எல்லாம் அங்கதான் கூடும். நீர்மட்டம் இறங்க இறங்க கரைப்பறவை கூடிக்கிட்டே போகும், அதனால தண்ணி குறைஞ்சிருக்கேன்னு போகாம இருக்காதீங்க. நீர்க்காகம் பட்டுப்போன கிளையில ரெக்கையை விரிச்சுக் காய வச்சுக்கிட்டு நிக்கும், அதை தூரத்துல இருந்தே பைனாகுலர்ல பாருங்க, கயாக்கை நாணலுக்குள்ள விடாதீங்க, கூடு இருக்கும்.

துடுப்பு போடறவங்க காலையில சீக்கிரம் போயிடுங்க, பொழுது ஏற ஏற காத்து எழும்பும். கிளம்பும்போது காத்துக்கு எதிரா போங்க, அப்போதான் களைச்சுப் போய் திரும்பறப்போ காத்து உங்களைக் கொண்டு வந்து விடும். இடி சத்தம் கேட்டா உடனே கரை, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகிற வரைக்கும் திரும்ப இறங்கக்கூடாது.

சிங்கப்பூர்ல மெக்ரிட்சி நீர்த்தேக்கம் எனக்கு நல்ல முன்மாதிரியாத் தெரியும். 1868ல கட்டினது, பெருநகரத்துக்குள்ளயே இருக்கு, குடிதண்ணி தேக்கம், குளிக்க அனுமதி இல்ல, ஆனா கயாக் ஓட்டலாம், காட்டுக்குள்ள சுத்தி நடக்கலாம், மரங்களோட உச்சி உயரத்துல 250 மீட்டர் நீளத்துக்குத் தொங்குபாலம் இருக்கு. குளிக்க விடாமலே மக்களைத் தண்ணிக்குப் பக்கத்துல கொண்டு வர முடியும்ங்கிறதுக்கு இதை விட வேற என்ன வேணும்?

தண்ணி பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி இருந்தா பசங்களையும் நாயையும் தூரமா வைங்க. ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்க, முடி மாதிரி தொங்கினா அநேகமா சாதாரண பாசி, குச்சியில பூசின மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தா நீலப்பச்சைப் பாசியா இருக்கலாம், அதுல சில வகை ஈரலைக் கெடுக்கிற விஷத்தை விடும். கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது. அந்தத் தண்ணியில இறங்கின நாய் தன் ரோமத்தை நக்கியே செத்துப்போகலாம்.

பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டினதும் தோள்பட்டை ரெண்டையும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறினா லூசு, வேற சைஸ் கேளுங்க. காத்தடிச்ச மிதவை பொம்மையை நம்பவே கூடாது, காத்து அதைக் கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள நடுத் தண்ணிக்குக் கொண்டு போயிடும். மூழ்கறவங்க கத்த மாட்டாங்க, கை ஆட்டவும் மாட்டாங்க, வாய் தண்ணி மட்டத்துல, தலை பின்னாடி சாஞ்சு சத்தமே இல்லாம இருப்பாங்க, அதனால யாராவது ஒரு பெரியவங்க போனை உள்ள வச்சுட்டு பசங்களை மட்டுமே பார்க்கணும், மாத்தி மாத்தி பாருங்க. யாராவது விழுந்துட்டா பின்னாடியே குதிக்காதீங்க. மூடி போட்ட காலி கேன், கயிறு, துடுப்புன்னு கையில கிடைச்சதை எறிங்க, நீட்டுங்க, கூடவே இன்னொருத்தரை உதவிக்குப் போன் பண்ணச் சொல்லுங்க.