சீரியல் நேரத்தில் ஒரு சதுரம்: தொலைக்காட்சிக்கு மாற்றாகப் பின்னல் பழகுவது எப்படி?

கேள்வி: எனக்கு 62 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு திருச்சியில் கணவரோடு வசிக்கிறேன். மாலை ஆறரைக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுகிறேன். மறுநாள் யாராவது கேட்டால், என்ன பார்த்தேன் என்று சொல்லத் தெரிவதில்லை. மருமகள் சொன்னதால் ஊசியும் கறுப்பு உல்லன் நூலும் வாங்கி, யூடியூப் பார்த்துப் பின்னத் தொடங்கினேன். 30 கண்ணியில் (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஆரம்பித்தது 41 கண்ணி ஆகிவிட்டது. நடுநடுவே ஓட்டைகள் வேறு. வீடியோவில் சொன்ன 4 ஆம் எண் ஊசியைத்தான் வாங்கினேன். வெறுத்துப்போய் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். இந்த வயதில் இது எனக்கு வருமா? தொலைக்காட்சியை எப்படி விடுவது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பின்னல் உங்களுக்கு வரும். நீங்கள் எழுதியிருக்கும் பிழைகள் கைக்குத் திறமை இல்லாததால் வந்தவை அல்ல. வாங்கிய பொருளாலும், யாரும் அருகில் இருந்து காட்டாத ஒரு சின்ன அசைவாலும் வந்தவை. இரண்டையும் கீழே விளக்குகிறேன். தொலைக்காட்சியை "விடுவது" என்ற எண்ணத்தை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

இருபது ஆண்டுகளாகப் பின்னல் கற்றுத்தரும் அனுபவத்தில் சொல்கிறேன்: நாளை முதல் சீரியலே பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள். சீரியல் என்பது கதை மட்டும் அல்ல. நாள் முழுதும் ஓடிய வேலைக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வு, கணவரோடு ஒரே கூடத்தில் இருக்கும் நேரம், தங்கையோடு தொலைபேசியில் பேச ஒரு விஷயம் என எல்லாம் அதில் அடக்கம். அத்தனையையும் ஒரே நாளில் பிடுங்கினால் அந்த வெற்றிடத்தைப் பின்னல் ஊசியால் நிரப்ப முடியாது. ஆகவே உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒரு தொடரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்போ பின்போ, ரிமோட் கையில் இருப்பதால் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அரை மணி நேரம் நிச்சயம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தை மட்டும் பின்னலுக்குக் கொடுங்கள்.

அந்த நேரத்தில் கூடத்தில் உட்கார வேண்டாம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னலாம் என்று பலர் சொல்வார்கள். கை பழகியவர்களுக்கு அது சரி. புதிதாகக் கற்பவருக்குக் கண் ஊசியின் மேலேயே இருக்க வேண்டும். திரையைப் பார்க்க ஒருமுறை தலை நிமிர்ந்தாலும் ஒரு கண்ணி நழுவும். சாப்பாட்டு மேசையில் நல்ல வெளிச்சத்தில், தினமும் ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் உட்காருங்கள். கை பழகிய பிறகு கணவர் அருகிலேயே வந்து உட்கார்ந்து பின்னலாம்.

இரண்டுமே உட்கார்ந்து செய்பவைதானே, இதில் என்ன லாபம் என்று உங்களுக்குத் தோன்றலாம். சுவீடனில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதையும், மூளைக்கு வேலை தந்தபடி உட்கார்ந்திருப்பதையும் தனித்தனியாகப் பிரித்தது. பின்னலையும் தையலையும் அது இரண்டாவது வகையில் சேர்த்தது. அந்த வகையில் அதிக நேரம் செலவிட்டவர்களிடம் மனச்சோர்வு நோய் குறைவாக இருந்தது. பின்னல்தான் நோயைத் தடுத்தது என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உட்காரும் நேரம் எல்லாம் ஒன்றல்ல என்பது தெரிகிறது. காலுக்கு வேண்டிய நடையைப் பின்னல் தராது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி உங்கள் ஊசிக்கு வருகிறேன். வீடியோவில் சொன்ன 4 என்பது 4 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் பழைய பிரிட்டிஷ் எண்முறை இன்னும் வழக்கில் இருக்கிறது. அந்த முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 12 ஆம் எண் 2.75 மி.மீ., 10 ஆம் எண் 3.25 மி.மீ., 8 ஆம் எண் 4 மி.மீ. நீங்கள் வாங்கிய 4 ஆம் எண்ணோ 6 மி.மீ. தடிமன் கொண்டது. சாதாரண நூலை அதில் பின்னினால் வலை போலத் தொளதொளவென்றுதான் வரும். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு 8 ஆம் எண் ஊசி வாங்குங்கள். மூங்கில் ஊசி கிடைத்தால் நல்லது. உலோக ஊசி அளவுக்கு அதில் கண்ணி வழுக்கிக்கொண்டு ஓடாது.

கறுப்பு நூலையும் மாற்றுங்கள். கறுப்பில் கண்ணியின் வடிவம் இளம் கண்ணுக்கே தெரியாது. வெளிர் மஞ்சள், இளநீலம் போன்ற ஒரே நிறத்தில், நடுத்தரத் தடிமனுள்ள அக்ரிலிக் நூல் போதும். பருத்தி நூல் நம் வெயிலுக்கு ஏற்றது என்றாலும் அதற்கு இழுவை குறைவு. கையை இறுக்கிப் பின்னும் புதியவர்களுக்கு அது விரல்வலி தரும். முதல் இரண்டு மூன்று பயிற்சிச் சதுரங்கள் முடிந்த பின் பருத்திக்கு மாறி, பாத்திரம் பிடிக்கும் துணி, மேசை விரிப்பு என்று பின்னலாம். திருச்சியில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்!

30 கண்ணி 41 ஆன கதையைப் பார்ப்போம். ஒரு வரிசை முடிந்து வேலையைத் திருப்பிப் பிடிக்கும்போது, நூல் ஊசியின் மேலாக ஏறிப் பின்பக்கம் போய்விடுகிறது. அப்படிப் போகும் நூல் ஓரக் கண்ணியை மேலே இழுக்கிறது. அப்போது அந்த ஒரு கண்ணியின் இரண்டு கால்களும், அதாவது வளையத்தின் இரு பக்க நூல்களும், ஊசிமேல் ஏறி, இரண்டு கண்ணிகள் போலத் தெரிகின்றன. நீங்கள் இரண்டாக நினைத்து இரண்டையும் பின்னுகிறீர்கள். வரிசைக்கு ஒன்று கூடிவிடுகிறது. இதற்குத் தீர்வு எளிது. வேலையைத் திருப்பியவுடன் நூலை உங்கள் பக்கமாக முன்னே இழுத்து, ஊசிக்குக் கீழே தொங்க விடுங்கள். ஓரத்தில் ஒரே கண்ணி இருப்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு நூலை ஊசியின் அடியாகப் பின்னே கொண்டுபோய் முதல் கண்ணியைப் பின்னுங்கள். நடுவில் விழுந்த ஓட்டைகளுக்குக் காரணம் வேறு: வரிசையின் இடையே நூல் தெரியாமல் முன்பக்கம் வந்து, ஊசியைச் சுற்றிக்கொண்டு, இல்லாத ஒரு கண்ணியை உண்டாக்கியிருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். 31 என்று வந்தால் அந்த வரிசையிலேயே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த எண்ணிப் பார்த்தலைத்தான் நான் உண்மையான கல்வி என்பேன். தன் கையில் இருக்கும் கண்ணியைப் படிக்கத் தெரிந்தவர் பின்னலை விடுவதில்லை. தெரியாதவர், எவ்வளவு விலையுள்ள நூல் வாங்கினாலும், முதல் பிழையோடு நிறுத்திவிடுகிறார். ஆகவே முதல் மாதம் ஒரே ஒரு வேலை போதும். 30 கண்ணி போட்டு, எல்லா வரிசையையும் நேர்க் கண்ணியாகவே, அதாவது நூலைப் பின்பக்கம் வைத்தே, பின்னுங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு எழும்பும். 30 வரப்பு, அதாவது 60 வரிசை முடியும்போது ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான சதுரம் கிடைக்கும். தொடக்கத்தில் வரிசைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் பத்து மாலைகளில் முடிந்துவிடும். 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை கின்னஸ் சாதனை படைத்ததே, அதுவும் பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை இணைத்து உருவானதுதான்.

யூடியூபை எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அரை மணி நேரமும் பிறர் பின்னுவதைப் பார்ப்பதிலேயே போய்விடும். இரண்டு நிமிடம் பார்த்து, நிறுத்தி, பத்து நிமிடம் பின்னுங்கள்.

நூலை முன்பக்கம் வைத்துப் பின்னும் எதிர்க் கண்ணியும் கைவந்த பின் உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு கலையை இதனோடு சேர்க்கலாம். நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றைக் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். துணியின் முன்பக்க வரிசைகளில் கோடு போகும் கட்டங்களில் எதிர்க் கண்ணி, மற்றவற்றில் நேர்க் கண்ணி, பின்பக்க வரிசைகளில் இதற்கு நேர்மாறாக என்று வைத்தால் துணியில் கோலம் புடைத்து நிற்கும். ஆனால் கண்ணி சதுரமானது அல்ல, உயரத்தைவிட அகலம் அதிகம். 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணியும், அதே உயரத்தில் 28 வரிசையும் உங்கள் கையில் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், 5 கட்ட உயரத்துக்கு 7 வரிசை பின்ன வேண்டும். இல்லாவிட்டால் கோலம் குட்டையாகிவிடும். உங்கள் கையின் கணக்கை நீங்களே ஸ்கேல் வைத்து அளந்து, தாளைத் திருத்தி வரையும் அந்த மாலையில் சீரியல் தொடங்கும் நேரம் உங்களுக்கு நினைவுக்கு வராமலே போகலாம். பலருக்கு அப்படி நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் அது சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. எனவே விருந்தினர் வந்த நாளிலோ உடம்பு முடியாத நாளிலோ விட்டுப்போனால் மறுநாள் அதே நாற்காலியில் உட்காருங்கள்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு மணிக்கட்டைத் தளர்த்துங்கள். கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் மரத்துப்போகும் உணர்வு இரவில் வந்தால், பின்னலை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டையில் கிடக்கும் அந்த 41 கண்ணித் துண்டை மட்டும் பிரிக்க வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் அதன் ஓரத்தை வைத்துப் பாருங்கள்; எந்த வரிசையில் கண்ணி கூடியது என்பதை இப்போது நீங்களே விரல் வைத்துக் காட்டிவிடுவீர்கள்.