வெடிச் சத்தத்துக்கு வால்வைக் கழற்றலாமா?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அப்பா 2004-இல் வாங்கிய 150 சிசி, 4-ஸ்ட்ரோக் பைக்கைச் சீர்செய்து வருகிறேன். பேசின் பிரிட்ஜ் பாலத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் வால்வையும் குழாய்களையும் கழற்றிவிட்டால் சத்தம் நிற்கும், இழுவையும் கூடும் என்கிறார் மெக்கானிக். விண்டேஜ் வண்டிதானே, செய்யலாமா?”

இழுவை துளியும் கூடப்போவதில்லை. அந்த வால்வு எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் தொடுவதே இல்லை; எரிந்து வெளியேறும் புகையோடுதான் அதற்கு வேலை. புகை வெளியேறும் துடிப்பில் எக்ஸாஸ்ட் வழியில் நொடிக்குப் பலமுறை உறிஞ்சல் உண்டாகும். அந்த உறிஞ்சலில் வால்வுக்குள் இருக்கும் ரீட், அதாவது காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் மெல்லிய தகடு, திறந்து, ஃபில்டரிலிருந்து சுத்தமான காற்று உள்ளே போகும். எரியாமல் தப்பிய பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் அந்தச் சூட்டிலேயே எரிந்து தீரும்.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடும்போது இந்தக் காற்று போகக் கூடாது. போனால் சைலன்சருக்குள் வெடிக்கும். அதற்காகவே இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (கலவை எஞ்சினுக்குள் போகும் வழி) ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வருகிறது; அதன் வழியே வரும் உறிஞ்சல் வால்வை இழுத்து மூடுகிறது. இருபது ஆண்டுப் பழைய ரப்பர் விரிசல் விட்டிருக்கும். காசிமேட்டுக் கடற்காற்றுக்கு கிளாம்பும் இரும்புக் குழாயும் தப்பியிருக்காது. நான் முதலில் சந்தேகப்படுவது இவற்றைத்தான்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஃபில்டரிலிருந்து வால்வுக்கு வரும் தடித்த குழாயை இடுக்கியால் நெரித்துவிட்டு அதே பாலத்தில் இறங்குங்கள். சத்தம் நின்றால் வால்வு மூடவில்லை என்று பொருள். நிற்காவிட்டால் சைலன்சர் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம், அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வரலாம். வால்வைக் கழற்றி, மெல்லிய குழாய் மாட்டும் முனையில் மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சைப் பொருத்தி இழுங்கள்; மூடிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். ரீட் பக்கம் வாயால் ஊதினால் காற்று எஞ்சின் திசையில் மட்டுமே போக வேண்டும். கரி படிந்திருந்தால் துணியால் துடையுங்கள், தகட்டை வளைத்துவிடாதீர்கள். பல வண்டிகளுக்குக் குழாயை மாற்றினாலே போதும், செலவு அற்பம்.

மெக்கானிக்கின் மனநிலை எனக்குப் புரிகிறது. 1955 முதல் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகளில் இப்படி எதுவும் கிடையாது. அவற்றில் தொழில் பழகிய கைக்கு இதெல்லாம் வேண்டாத சுமை. ஆனால் உங்கள் வண்டி 2000 மார்ச் 31-க்குப் பிறகு வந்தது. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம்-ஐயும் தாண்டக் கூடாது. வால்வைக் கழற்றினால் இந்த அளவு ஏறும். இறக்குவதற்காகக் கலவையில் பெட்ரோலைக் குறைப்பார்கள். பிளக் வெளுத்து, எஞ்சின் கொதிக்கும். புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. விண்டேஜ் என்று தப்பிக்கவும் வழியில்லை, அந்தப் பெயருக்குச் சட்டம் கேட்பது 50 ஆண்டு!

புதுப்பேட்டையில் அலைந்து சரியான வால்வு கிடைக்கும்வரை வண்டியைக் கொட்டகையில் ஓட்டிப் பார்க்க மட்டும் தற்காலிகமாக அடைக்க வேண்டியிருந்தால், மூன்று வாய்களையும் அடையுங்கள்: ஹெட்டில் கேஸ்கெட்டோடு ஒரு தகடு, ஃபில்டர் பெட்டியின் துளைக்கு ஒரு மூடி, மேனிஃபோல்டின் சிறு முனைக்கு ஒரு ரப்பர் தொப்பி. கடைசியைத்தான் பலரும் மறக்கிறார்கள். அது திறந்திருந்தால் கணக்கில்லாத காற்று உள்ளே போய், ஐடில் (ஆக்சிலேட்டர் தராதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும். கழற்றிய உறுப்புகளை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள்.

எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து ஃபில்டருக்குப் போகும் தடித்த குழாயையும் “அதே ரகம்” என்று சொல்லிக் கழற்ற வருவார்கள். விடாதீர்கள். அது எஞ்சினின் மூச்சுக்குழாய். வாயை அடைத்தால் சீல்கள் வழியே ஆயில் கசியும். கீழே தொங்கவிட்டால் ஆயில் பின்சக்கர டயரில் சொட்டும்.