பெட்டியோடு வாங்க வேண்டாம்

கேள்வி: வயது 34. கல்முனையில் இருக்கிறேன். நண்பர்கள் கூடினால் ஸ்ட்ரோங் பியர்தான் எடுப்பார்கள். எனக்கு அது தொண்டையில் எரிகிறது. ஒருமுறை பச்சைப் போத்தலில் வந்த லாகர் (மதுசாரம் குறைந்த சாதாரண பியர்) வாங்கினேன், ஏதோ கெட்ட வாடை அடித்தது. இப்போது அறுகம்பேயில் ஒருவர் 'ஒரிஜினல் வெளிநாட்டு பியர்' என்று 24 டின் உள்ள பெட்டி ஒன்று தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? என் வாய்க்கு எது ஒத்துவரும்?

பதில்: அந்தப் பெட்டியை விடுங்கள். எது பிடிக்கும் என்றே தெரியாதவருக்கு 24 டின் எதற்கு?

எரிச்சல் விஷயத்தில் உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. லயன் லாகரில் மதுசாரம் 4.8 சதவீதம், லயன் ஸ்ட்ரோங்கில் 8.8. 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் கணக்குப் போட்டால் முதலாவதில் 30 மில்லிலீற்றர் தனி மதுசாரம், இரண்டாவதில் 55. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தொண்டையில் எரிவது அதுதான், கசப்பு அல்ல. நம் பக்கத்தில் ஸ்ட்ரோங் ஓடுவது ருசிக்காக என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பியருக்குப் போடும் வரியைப் பார்த்த பிறகு, கொடுக்கிற காசுக்குப் போதை ஏற வேண்டும் என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள். வரி போடுகிறவர்கள் மென்மையானதைக் குடிக்கச் சொல்லிப் புத்தி சொல்வார்கள், அதை மலிவாக்க மட்டும் மனம் வராது. சரி, அது நம் கையில் இல்லை. நீங்கள் 5 சதவீதத்துக்குக் கீழே நில்லுங்கள்.

வாடைக்கு வருவோம். அது பெரும்பாலும் வெயில் செய்த வேலை. பியருக்குக் கசப்பைத் தருவது ஹொப்ஸ் என்ற பூ. அதன் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு நாற்றம் கிளம்பும். கபில நிறப் போத்தல் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், பச்சை அவ்வளவு தடுக்காது, வெள்ளைப் போத்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நேரடி வெயில் என்றால் சில நிமிடங்களே போதும். கடை வாசலில் அடுக்கி வைத்த போத்தலும், மோட்டார் சைக்கிளில் கொளுவிக்கொண்டு வந்த போத்தலும் ஒன்றுதான். டின்னுக்குள் வெளிச்சம் போகாது. உள்ளே பூச்சு இருப்பதால் தகர ருசி வரும் என்ற பயமும் வேண்டாம், கிளாஸில் ஊற்றிக் குடித்தால் சரி.

ஆனால் டின்னுக்கும் எதிரி உண்டு, அது சூடு. அறுகம்பேக்காரரின் பெட்டியில் என் சந்தேகமே அதுதான். அந்தப் பெட்டி எத்தனை மாதம் எந்தத் தகரக் கூரையின் கீழ் கிடந்தது என்று அவர் சொல்வாரா? பழைய பியரில் ஈரக் கடதாசி மட்டையின் ருசி வரும், சூட்டில் அது இன்னும் வேகமாக வரும். சுற்றுலா சீசன் முடிந்து மிஞ்சிய சரக்கை 'ஒரிஜினல்', 'டியூட்டி ஃப்ரீ' என்று தள்ளிவிடுவது பழைய வித்தை. டின்னின் அடியில் திகதி இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தாலோ, மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வாங்கினால் பில்லும் இல்லை, நாளைக்கு முறையிட ஆளும் இல்லை. வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக மயங்கவும் வேண்டாம். கார்ல்ஸ்பெர்க் இங்கே பியகமவில்தான் தயாராகிறது. கப்பலில் வராத, புதிதாக இறங்கிய பியர்தான் எப்போதும் மேல். கடை பூட்டியிருக்கும் போயா (பௌர்ணமி) தினத்தில் இரட்டை விலைக்கு 'எடுத்துத் தரும்' முச்சக்கர வண்டித் தம்பிமாரும் இதே கூட்டம்தான்.

5 சதவீதத்துக்குக் கீழே என்றேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு: ஸ்டவுட் என்ற கறுப்பு பியர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் குழம்புவது இங்கேதான். கறுப்பாக இருப்பதால் கடுமை என்று நினைக்கிறார்கள். நிறம் வருவது வறுத்த தானியத்தால், அதற்கும் மதுசாரத்துக்கும் சம்பந்தமில்லை. அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான். ஆனால் நம் லயன் ஸ்டவுட் 8.8, ஸ்ட்ரோங் அளவுக்கே இருக்கிறது. இருந்தும் பலருக்கு அது எரிவதில்லை. கோப்பி, சொக்லேட் போன்ற வறுத்த ருசியும் இனிப்பும் மதுசாரத்தை மூடிவிடுகின்றன. சீனி போடாத கோப்பியை விரும்பிக் குடிப்பவர் நீங்கள் என்றால் ஒரு டின் வாங்கி இருவர் பகிர்ந்து பாருங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடம் வெளியே வைத்த பிறகு ஊற்றுங்கள், கடும் குளிரில் அதன் ருசி தெரியாது. எரியவில்லையே என்று லாகர் மாதிரி மளமளவென்று இறக்காதீர்கள், மறைந்திருப்பது மதுசாரத்தின் ருசி மட்டும்தான், அளவு அல்ல. ஸ்டவுட்டில் முட்டை அடித்துக் குடித்தால் உடம்பு தேறும், இரத்தம் ஊறும், தாய்ப்பால் சுரக்கும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. பாலூட்டும் தாய்க்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சோதித்துப் பார்ப்பதை வீட்டில் செய்யுங்கள். வைன் ஸ்டோர்ஸில் கம்பி வலைக்கு வெளியே நின்று கையை நீட்டினால் அவசரமாகக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். லேபிளை வாசிக்க விடுகிறார்களா? ஏதோ களவுச் சாமான் வாங்குவது போல நம்மை நிற்க வைக்கிறார்கள். வெட்கப்படாமல் "திகதியைக் காட்டுங்க அண்ணன்" என்று கேளுங்கள். வெவ்வேறு லாகரில் இரண்டு சின்ன டின் போதும். சாப்பாட்டுக்கு முன்னால், வாய் சுத்தமாக இருக்கும்போது குடித்துப் பாருங்கள். ஐஸ் போடாதீர்கள். நண்டுக் கறிக்குப் பிறகு குடித்தால் உறைப்பும் நுரையும் சேர்ந்து நாக்கைச் சுடும், பியரின் மேல் பழி விழும். கறியோடுதான் குடிப்பேன் என்றால் கசப்புக் குறைந்த லாகரே பொருந்தும்.

இரண்டும் பிடிக்கவில்லை என்றால் பியர் உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நண்பர்களுக்காகக் குடிக்க வேண்டியதில்லை. பிடித்தால் அடுத்த முறை அவர்களோடு காசு போடும்போதே "எனக்கு லாகர் ஒன்று" என்று சொல்லிவிடுங்கள். போயாவுக்குக் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். ஃப்ரீஸரில் வைத்து மறந்தால் வெடிக்கும்.