புரோகிராமர்களின் டிபெண்டன்சி ஜோக்கில் சிரிக்க என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் ஐடி துறையில் இல்லாதவர் போலிருக்கிறது. புரோகிராமர்கள் ஏன் எந்நேரமும் டிபெண்டன்சி (நம் மென்பொருள் நம்பியிருக்கும் பிறருடைய மென்பொருள்) உடைந்தது, ஆபரேட்டிங் சிஸ்டம் சொதப்பியது என்றே ஜோக் அடிக்கிறார்கள், வெளியாளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

என் பதில் இது: கணினியின் அடித்தட்டில், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தில், எதுவும் மாறாது; அதன்மேல் எழுதும் மென்பொருள்களின் மேல்தட்டில் எதுவும் நிலைக்காது. இரண்டுக்கும் நடுவில் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள். ஜோக் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் மேல்தட்டு. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரு டிஜிட்டல் தராசு, அதோடு ஒரு மடிக்கணினி. கொழுந்தைத் தராசில் வைத்ததும் ஆளின் செக்ரோல் (பேர்ப் பதிவேடு) நம்பரும் கிலோவும் பதிவாகும். நம்பர் 47 என்றால் பட்டியலில் 0047 என்று விழ வேண்டும், இல்லாவிட்டால் வரிசை குலைந்துவிடும். முன்னால் இரண்டு பூஜ்யம், அவ்வளவுதான் விஷயம். ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று சண்டை வருகிற இடத்தில் இந்தப் பூஜ்யத்தைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை.

ஆனால் உலகம் ஒருமுறை கவலைப்பட்டது. முன்னால் பூஜ்யமோ வெற்றிடமோ சேர்ப்பதற்கென்றே லெஃப்ட்-பேட் என்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு பேக்கேஜ், அதாவது யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய நிரல்துண்டு, இருந்தது. மொத்தம் 11 வரி. 2016 மார்ச்சில், வேறொரு பேக்கேஜின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில், அதை எழுதியவர் கோபித்துக்கொண்டு தன் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் பேக்கேஜ்களை எல்லாரும் இறக்கிக்கொள்ளும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த 11 வரியும் போயிற்று. பேபல் போன்ற பெரிய கருவிகள் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தன என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. உலகம் முழுக்க பில்டுகள், அதாவது மென்பொருளைக் கட்டிச் சேர்க்கும் வேலைகள், வரிசையாக விழுந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் நிர்வாகமே அதைத் திரும்ப வைத்துவிட்டது. மறுவருடம் அதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் என்ற கட்டளை ஜாவாஸ்கிரிப்டிலேயே வந்தும், லெஃப்ட்-பேடை இன்னும் இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு எண் இரட்டையா என்று பார்க்க இஸ்-ஈவன் என்று ஒரு பேக்கேஜ். அது இஸ்-ஆட் என்ற பேக்கேஜைக் கூப்பிட்டு, ஒற்றையா என்று கேட்டு, விடையைத் திருப்பிப் போடும். இஸ்-ஆட், அது எண்தானா என்று இஸ்-நம்பரைக் கேட்கும். இதை நான் கற்பனை செய்யவில்லை. மழைநாளில், போன் டேட்டாவில், மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட சிக்னலை நம்பி இதையெல்லாம் இறக்கிப் பாருங்கள், நகைச்சுவை உணர்வு தானாக வரும்.

சிரிப்பு அடங்கிப்போன சம்பவமும் உண்டு. லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் சர்வர்களுக்குள் தூரத்திலிருந்து நுழைய எஸ்எஸ்எச் என்ற வாசல் இருக்கிறது. கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ஆனால் சில லினக்ஸ் வகைகளில் எஸ்எஸ்எச் சர்வரை, கணினியின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்-டியின் லைப்ரரியோடு (துணை நிரல் தொகுப்போடு) இணைத்திருந்தார்கள், அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டின் லைப்ரரியை இழுத்து வந்தது. எக்ஸ்இசட்டைக் கிட்டத்தட்ட ஒரே ஆள், சும்மா, ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக உதவி செய்து, பொறுப்பை வாங்கி, உள்ளே திருட்டுக் கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரேஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டப்போய்த்தான் அது வெளியே வந்தது. அரை விநாடி! எங்கள் பக்கத்து இணைய வேகத்தில் நான் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

சரி, அடித்தட்டுக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை கொந்தரப்பு (ஒப்பந்த) ஆட்களின் பட்டியலைத் தனிக் கோப்பாக வைக்க நினைத்து, பெயருக்கு சி, ஓ, என் என்று மூன்று எழுத்து அடித்திருக்கிறார். விண்டோஸ் 10 ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, இந்தப் பொட்டி ஏன் இந்த ஒரு பேர மட்டும் வைக்க விடமாட்டேங்குது?" என்று கேட்டார்.

சொன்னேன். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஃபோல்டர் என்பதே கிடையாது. அதனால் திரைக்கும் விசைப்பலகைக்கும் அந்த மூன்றெழுத்து, பிரிண்டருக்கு இன்னொரு மூன்றெழுத்து என்று ஒதுக்கி வைத்தார்கள். அதுவும் சிபிஎம் என்ற பழைய சிஸ்டத்தைப் பார்த்துச் செய்தது. 1983இல் ஃபோல்டர் வந்தது. பழைய புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாதே என்று, எந்த ஃபோல்டருக்குள் போனாலும் அந்தப் பெயர் சாதனத்துக்கே சொந்தம் என்று விட்டுவிட்டார்கள்.

"அப்ப நான் பொறக்கக்கூட இல்லயே தம்பி, எனக்கு எதுக்குத் தடை?" என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் ஒன்று என்ற எண்ணைப் பின்னால் சேர்த்து வைத்துக்கொண்டார்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பக்கமும் இதே கதைதான். 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் புரோகிராம்களைக் கட்டிச் சேர்க்கும் மேக் என்ற கருவியை எழுதினார். அதற்கு எழுதும் கோப்பில் கட்டளை வரியின் முன்னால் டேப் இருந்தே ஆக வேண்டும், ஸ்பேஸ் விட்டால் பிழை. அது இடைஞ்சல் என்று அவருக்கும் புரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று மாற்றவில்லை. அந்த ஒரு டஜன் பேருக்காக இன்றைக்கும் உலகம் டேப் அடிக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்: கர்னலை மாற்றியதால் மேலே ஓடும் புரோகிராம் உடைந்தால் தப்பு கர்னலுடையது. அவர் திட்டும் பாணி எனக்குப் பிடிக்காது, ஆனால் இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். மேல்தட்டில் பேக்கேஜ் எழுதுகிறவர்களுக்கு இதில் பாதிப் பயம் இருந்திருந்தால் போதும்.

அப்புறம், இது மாதிரி கேள்வி பதில் தளங்களிலேயே பிறந்த ஜோக் ஒன்று. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஏதாவது நிறுவப் போனால், வேறொரு புரோகிராம் பூட்டை வைத்திருக்கிறது, முடியாது என்று சில சமயம் பிழை வரும். நானுஓயா ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதுளைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான டேப்லெட் என்ற அனுமதித் தகட்டை, பெரிய வளையத்தில் தொங்கும் பையோடு, டிரைவர் கையில் வாங்கினால்தான் ரயில் நகரும். ஒன்று வெளியே இருக்கும்போது இரு முனையிலுள்ள கருவிகளும் இன்னொன்றைத் தராது. உபுண்டுவின் பூட்டும் அதே வேலைதான் செய்கிறது: இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பட்டியலில் கைவைக்கக் கூடாது.

இதற்குத் தளங்களில் தவறாமல் வரும் ஒரு பதில், பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பது. டேப்லெட் இல்லாமலே ரயிலை விடு என்கிறார்கள். யார் பூட்டை வைத்திருக்கிறது என்று பார்த்து, அது முடியும் வரை பொறுத்திரு என்று கீழே ஒருவர் எழுதியிருப்பார். அவருக்கு யாரும் ஆதரவு வாக்குப் போடுவதில்லை.