எம்எக்ஸ்-5 ஓட்டியபின் ஸ்விஃப்ட் ஸ்டீயரிங் மந்தமாகத் தெரிவது

ஸ்விஃப்ட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. நண்பரின் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிவிட்டு வந்ததும் உங்கள் ஸ்டீயரிங் உயிரில்லாமல் இருப்பதாகச் சொல்கிறீர்கள், அந்த வித்தியாசம் கார்களின் அமைப்பிலேயே இருக்கிறது.

எம்எக்ஸ்-5இல் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி, வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். ஸ்விஃப்ட்டில் இன்ஜின் பாரம், இழுப்பது, திருப்புவது எல்லாமே முன்சக்கரங்கள் தலையில். போதாக்குறைக்கு 185/65 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம்) என்றால் பக்கச்சுவர் மட்டும் 12 சென்டிமீட்டர், அது நெளிந்த பிறகுதான் வண்டி திரும்பும். எனக்கு இதுதான் முக்கியக் காரணமாகப் படுகிறது.

டயர் சூடாகும் முன் காற்றைச் சரிபாருங்கள், குறைந்திருந்தால் மந்தம் இன்னும் கூடும். அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஆனால் ஒரு பக்கம் இழுத்தாலோ ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தாலோ ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை மெக்கானிக்கிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.