மீட்டர் கேஜ் மாடலுக்கு எந்த அளவு? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

செந்தூலில் அடுக்குமாடி வீடு. இந்தியாவிலிருந்து குத்தகைக்கு வந்து மலேசிய ரயில்வேயான கேடிஎம்மில் ஓடிய ஒய்டிஎம்4 டீசல் எஞ்சினை மாடலாகச் செய்ய ஆசை. எச்ஓ (1:87) என்ற மாடல் அளவின் தண்டவாளத்தில் வைத்தால் பாதை அகலமாகத் தெரிகிறது. டிடி தண்டவாளம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

– வாசகர், செந்தூல்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வேண்டாம். டிடி என்பது 1:120, அதாவது அசலை 120இல் ஒரு பங்காகச் சுருக்கும் அளவு. அதன் 12 மில்லிமீட்டர் பாதையை 120ஆல் பெருக்கினால் 1440, அதாவது 1435 மில்லிமீட்டர் அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை. கேஎல்ஐஏ விமான நிலையம் போகும் ஈஆர்எல் ரயிலைச் செய்வதென்றால் அதுவே பொருத்தம். கேடிஎம் பாதை 1000 மில்லிமீட்டர், அதுதான் மீட்டர் கேஜ். எச்ஓவின் 16.5ஐ 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 1435 வரும். உங்கள் கண்ணை உறுத்தியது அதுதான்.

1:87 உடலை 12 மில்லிமீட்டர் பாதையில் வைத்தால் 1044, மிக நெருக்கம். சுவிஸ் மீட்டர் கேஜ் மாடல்களுக்காக எச்ஓஎம் என்ற பெயரில் இந்தத் தண்டவாளம் கிடைக்கிறது. ஆனால் 20 மீட்டர் பெட்டி ஒன்றே 23 சென்டிமீட்டர் வரும். அடுக்குமாடி அறைக்கு நான் சொல்வது 1:120 உடலும் 9 மில்லிமீட்டர் என் கேஜ் பாதையும். கணக்குக்கு 1080 வருகிறது, எட்டு சதவீதம் கூடுதல். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஓடும் என் கேஜ் சேசிஸ் (மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம்) சுலபமாகக் கிடைக்கிறது.

சேசிஸ் வாங்குமுன் வரைபடத்தை 120ஆல் வகுத்து, போகிக்குள் (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்துக்குள்) சக்கர இடைவெளியையும் இரு போகிகளின் மையத் தூரத்தையும் ஒப்பிடுங்கள். முதலாவதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. மையத் தூரம் ஐந்து மில்லிமீட்டர் தவறினால் எஞ்சினின் இரு முனைகளும் காட்டிக்கொடுத்துவிடும். கைப்பிடிக் கம்பிக்கு 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும்.

என் கேஜ் தண்டவாளத்தில் குறுக்கே கிடக்கும் கட்டைகளின் நீளம் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். நம் கணக்கில் 1.9 மீட்டர், ஏறக்குறைய சரி. கோளாறு கட்டைகள் மிக நெருக்கமாக இருப்பதில்தான். ஃப்ளெக்ஸ் (வளைக்கக்கூடிய) தண்டவாளத்தைக் கவிழ்த்து, கட்டைகளை இணைக்கும் பிளாஸ்டிக் இழையைக் கத்தியால் வெட்டி, கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி மையத்துக்கு மையம் 6 மில்லிமீட்டர் வையுங்கள். அட்டையில் பள்ளம் வெட்டி ஒரு சீப்பு செய்துகொண்டால் வரிசை கோணாது. இந்த ஒரு வேலையிலேயே பாதை மலாயா பாதையாகிவிடும். சோம்பல் படாமல் செய்யுங்கள்.

வளைவில் கஞ்சத்தனம் கூடாது. பெட்டி 167 மில்லிமீட்டர் என்றால் ஆரம் அதைப்போல் இரண்டரை மடங்கு, 420க்குக் குறையாமல் இருக்கட்டும். ஜப்பானிய செட்டுகளின் 280 மில்லிமீட்டர் ஆர வளைவில் பெட்டி முனைகள் வெளியே தள்ளி, பெட்டிகளை இணைக்கும் கப்ளர் இழுத்துத் தடம் புரளும். பாதை குறுகல், உடல் உயரம் என்பதால் ஈய எடையைப் பெட்டித் தரையிலேயே ஒட்டுங்கள். மேலே வைத்தால் கவிழும்.

ஏர்கான் அறையில் தண்டவாளங்களை முட்டவைத்துப் போட்டுவிட்டால், ஏர்கான் இல்லாத மதியத்தில் அவை நீண்டு வளையும். 914 மில்லிமீட்டர் துண்டு ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பிளைவுட்டின் இரு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரம் கொடுக்காதீர்கள். நம் ஈரக்காற்றில் அது கறுத்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர் சால்டர் செய்வதே வழி.