கார்ட் கடன் முடியாமல் கண்டி, நுவரெலியா சுற்றப் போகலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு நாங்கள் ஆறு பேர் (கணவர், நான், 14 வயது மகன், 9 வயது மகள், மாமனார், மாமியார்) கொழுந்தனாரின் வேனில் மூன்று நாள் போகப்போகிறோம். எரிபொருள் மட்டும் எங்கள் செலவு. முதல் நாள் கண்டி, இரவு நுவரெலியாவில் தங்கல், மறுநாள் வெலிமடை வழியாகப் பண்டாரவளையில் கணவரின் அக்கா வீடு, மூன்றாம் நாள் வீடு. பிள்ளைகளுக்குக் கோயிலையும் பூங்காவையும் விட கே.சி.சி.யும் (கண்டி சிட்டி சென்டர் கடைத்தொகுதி) பிட்சா ஹட்டும் கே.எஃப்.சி.யும்தான் கனவு. பாடசாலைச் சப்பாத்து, உடுப்பு எல்லாவற்றையும் கண்டியிலேயே வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். கடையில் மூன்று தவணை தருகிறார்களாம். சீட்டு எடுத்த 110,000 ரூபா கையில் இருக்கிறது. ஆனால் போன டிசம்பர் பயணத்தில் கிரெடிட் கார்டில் போன 62,000 ரூபாவுக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறேன். 12 தடவை கட்டியும் இன்னும் 43,300 நிற்கிறது. வட்டி ஆண்டுக்கு 26 வீதம். இந்த முறையும் அப்படி ஆகாமல் போய்வர வழி சொல்லுங்கள்.

பதில்: போய்வாருங்கள். ஆனால் வேன் புறப்படுவதற்கு முன்னால் அந்தக் கார்டை முடித்துவிட வேண்டும். மிச்சப் பணத்தில்தான் பயணம்.

நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துக் கணக்குப் பார்த்தேன். 26 வீதம் என்றால் மாதத்துக்கு 2.17 வீதம். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 வீதம். முதல் மாதம் நீங்கள் கட்டிய ஏறக்குறைய 3,170 ரூபாவில் 1,340 ரூபா வட்டிக்கே போயிருக்கிறது. நிலுவை குறையக் குறையக் கட்டும் தொகையும் குறைவதால் கடன் ஆமை வேகத்தில்தான் குறையும். 12 மாதத்தில் நீங்கள் கட்டியது சுமார் 32,400. கடன் குறைந்தது 18,700. மீதி 13,700 போன வருடப் பயணத்துக்கு நீங்கள் கொடுத்த மேலதிக விலை. இன்னொரு விஷயமும் உண்டு. பழைய நிலுவை நிற்கும்போது அதே கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. கண்டியில் சாப்பிட்ட பிட்சாவுக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

முடிக்கும்போது ஒரு இடத்தில் கவனம் தேவை. ஸ்டேட்மென்டில் உள்ள 43,300ஐக் கட்டிவிட்டு முடிந்தது என்று நினைப்போம். அடுத்த மாதம் சில நூறு ரூபா வந்து நிற்கும். ஸ்டேட்மென்ட் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரையான வட்டி அது. அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணமும் சேரும். ஆகவே வங்கிக்குப் போன் எடுத்து, “இன்றைய திகதிக்கு முழுவதும் தீர்க்க எவ்வளவு?” என்று கேட்டுக் கட்டுங்கள். இதற்கு 44,000 ஒதுக்குகிறேன். பயணத்துக்கு 66,000 இருக்கிறது. கார்டை வீட்டு அலுமாரியில் வையுங்கள். டெபிட் கார்டும் கைக்காசும் போதும்.

அந்த 66,000ஐ இப்படிப் பிரிக்கலாம்: எரிபொருளுக்கு 15,000, நுவரெலியா அறைக்கு 14,000, சாப்பாட்டுக்கு 24,000, வாகனத் தரிப்பிடத்துக்கும் நுழைவுச் சீட்டுக்கும் 3,000, பிள்ளைகள் கையில் தலா 2,000, எதிர்பாராததற்கு 6,000.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி, அங்கிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர், பிறகு பண்டாரவளை, திரும்பி வீடு. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 350 கிலோமீட்டர் வரும். ஆறு பேரும் பொதிகளும் ஏறிய பெற்றோல் வேன் மலையில் லீட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடினால் 39 லீட்டர் வேண்டும். விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் புறப்படும் மாத விலையால் பெருக்கிப் பாருங்கள். 15,000இல் மிஞ்சுவது எதிர்பாராச் செலவுக்குப் போகட்டும். இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். இன்ஜெக்ஷன் எஞ்சின் கியரில் இறங்கும்போது தானாகவே எரிபொருளை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் ஓட எரிபொருளை எரிக்கும். அதோடு பாரமெல்லாம் பிரேக்கில் விழுந்து, சூடேறிப் பிடிக்காமல் போகும்.

அறைக்கு, ஏப்ரல் வசந்த காலத்து விலையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். டிசம்பரிலும் நத்தாருக்குப் பிந்திய வாரமும் போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) சேர்ந்த நீண்ட வார இறுதியும்தான் விலை ஏறும் நாட்கள். வார நடுவில் போனால் பேரம் பேச இடமுண்டு. நீங்கள் அரச ஊழியர் என்பதால் திணைக்களங்களின் சேர்கிட் பங்களாக்களையும் (அரச விடுதிகளையும்) விசாரித்துப் பாருங்கள். முன்கூட்டியே பதிய வேண்டும், ஆனால் செலவு நன்றாகக் குறையும்.

இனிப் பிள்ளைகளின் கனவு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் உணவகத்தில் ஒரு பெரிய வசதி, மெனுவும் விலையும் வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம். அதனால் என்ன வாங்குவது என்பதைக் கவுண்டரின் முன்னால் பசியோடு நின்று முடிவு செய்யத் தேவையில்லை. முதல்நாள் இரவே மகனைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 14 வயதுப் பிள்ளைக்கு நல்ல கணக்குப் பயிற்சி. டெலிவரி ஆப்பில் உள்ள விலையை எடுக்க வேண்டாம். அது கடை விலையை விடக் கூடுதலாக இருப்பது வழக்கம்.

கண்டியில் மேசையில் இருந்து சாப்பிடும் பகல் உணவுக்கு 12,000 வைத்திருக்கிறேன். மெனுவைப் பார்த்து 12,000க்கு ஓடர் கொடுத்தால் பில் வரும்போது திகைப்பீர்கள். 10 வீதம் சேவைக் கட்டணம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் வரி, சில இடங்களில் 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு அறவீடும் தனி வரியாக வரும். விலையில் இவை சேராத கடையில் 10,000 ரூபாச் சாப்பாடு 12,800க்குக் குறையாது. கணக்குப் போடும் விதத்தைப் பொறுத்து 13,000ஐயும் தாண்டும். ஓடருக்கு முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: “வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த விலையா?” இல்லை என்றால் உங்கள் எல்லையை 1.3ஆல் வகுங்கள். 12,000க்கு மெனுவில் 9,200 வரை தெரிவு செய்யலாம். கவுண்டரில் வாங்கி நாமே எடுத்துப்போய் இருக்கும் இடங்களிலும் பார்சலுக்கும் வழக்கமாகச் சேவைக் கட்டணம் இல்லை. நுவரெலியாவில் கோழிப் பொரியலை அப்படி வாங்கி அறைக்குக் கொண்டுபோனால் 5,000க்குள் ஆசை தீரும்; பாணும் சம்பலும் பக்கத்துக் கடையில் எடுங்கள். மீதி 7,000 மற்ற நேரச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும். முதல் நாள் காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு புறப்பட்டால் அது தாராளமாகவே போதும்.

பிட்சாவின் அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. 9 அங்குலம் என்றால் 64 சதுர அங்குலம். 12 அங்குலம் என்றால் 113. பெரியதன் விலை சிறியதன் விலையில் 1.78 மடங்குக்குக் கீழே இருந்தால் பெரியதை எடுங்கள், மேலே போனால் சிறியதில் இரண்டு. ஆறு பேருக்கான கொம்போ மலிவாகத் தெரியும். ஆனால் அதில் ஆறு சோடாவும் இருக்கும், மாமனாரும் மாமியாரும் அதைத் தொடமாட்டார்கள். வேண்டியதை மட்டும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கொம்போவோடு ஒப்பிடுங்கள். மாமியார் வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அன்றைக்கு இந்த இரண்டு சாப்பாட்டையும் வைக்கவே வேண்டாம். அவருக்கென்று தனியாக இன்னொரு கடையில் வாங்குவதில் ஆயிரம் ரூபா போகும், அவர் மனமும் சங்கடப்படும்.

பில்லில் இன்னொன்றையும் பாருங்கள். கார்டில் கட்டினால் 2.5 அல்லது 3 வீதம் கூட என்று கேட்கும் கடைகள் இன்னும் உண்டு. அப்படி அறவிட அனுமதியில்லை என்று மத்திய வங்கி பல தடவை அறிவித்திருக்கிறது. மறுத்துப் பேசுங்கள், கேட்காவிட்டால் கைக்காசு கொடுத்துவிட்டு, கடையின் பெயரோடு உங்கள் வங்கிக்கு முறையிடுங்கள்.

சுப்பர் மார்க்கெட்டில் கதை வேறு. ராக்கையில் எழுதிய விலையில் வரி அடங்கியிருக்கும், பில்லில் மேலதிகமாக எதுவும் சேராது. அங்கே பணம் கசிவது தண்ணீரிலும் நொறுக்குத் தீனியிலும். 2025 ஏப்ரல் வர்த்தமானியின்படி போத்தல் தண்ணீரின் அதிகபட்ச சில்லறை விலை 500 மில்லிலீட்டருக்கு 70 ரூபா, 1 லீட்டருக்கு 100, 1.5 லீட்டருக்கு 130, 5 லீட்டருக்கு 350. சின்னப் போத்தலில் ஒரு லீட்டர் 140 ரூபா, பெரிய கானில் 70. வீட்டுப் போத்தல்களை எடுத்துப்போய் 5 லீட்டர் கானிலிருந்து ஊற்றிக்கொண்டால் செலவு சரிபாதி. கூடுதலாக விற்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977க்குச் சொல்லலாம். துணிப்பையையும் மறக்க வேண்டாம். 2025 நவம்பரிலிருந்து பொலித்தீன் பை இலவசம் இல்லை. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கை நுவரெலியா சுப்பர் மார்க்கெட்டில் தேட வேண்டாம். மூன்றாம் நாள் திரும்பும்போது வெலிமடைப் பாதையோரத்தில் வாங்கினால் வேனுக்குள் இரண்டு நாள் வாடாது.

வயதானவர்களோடு போகும்போது பெரிய கடையில் நிறுத்துவதற்கு முக்கியக் காரணம் சுத்தமான கழிப்பறை. அதற்குத் தயங்கவே கூடாது. லபுக்கலைத் தேயிலை நிலையத்தில் நிறுத்தினால் ஆறு பேருக்குத் தேநீர் எடுங்கள். கேக் தட்டும் தேயிலைப் பரிசுப் பெட்டியும் கணக்கில் இல்லை.

இனிச் சப்பாத்தும் உடுப்பும். இதில்தான் கணவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் சப்பாத்துக் கடையின் விலை கண்டியிலும் ஹட்டனிலும் ஒன்றுதான். கண்டியில் வாங்குவதால் ஒரு சதமும் லாபமில்லை. சிக்கல்தான் கூடும். சப்பாத்து கடித்தால், சீருடை சிறிதானால், பில்லும் டேக்கும் வைத்துக்கொண்டு கடை சொன்ன நாட்களுக்குள் மாற்ற வேண்டும். கண்டிக்கு மறுபடி போய்வரும் பஸ் காசும் ஒரு நாளும் வீண். கழிவு விலையில் எடுத்த பொருளைப் பெரும்பாலும் மாற்றவும் முடியாது. ஆகவே கே.சி.சி.யில் ஆற அமரச் சுற்றுங்கள், பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும், அளவையும் மாதிரி எண்ணையும் போனில் படம் எடுங்கள், வாங்குவதை ஹட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். கால் கொஞ்சம் வீங்கும் பின்னேரத்தில், பாடசாலைக் காலுறையோடு போட்டுப் பார்த்தால் அளவு பிழைக்காது. அந்தக் காசு டிசம்பர் சம்பளத்திலிருந்து வரவேண்டும், இந்த 66,000இலிருந்து அல்ல. போன வருடம் 62,000 ஆனதற்கு வீட்டுச் செலவும் பயணச் செலவும் ஒரே கார்டில் கலந்ததுதான் காரணமாக இருக்கும். பழைய ஸ்டேட்மென்டை எடுத்து வரிக்கு வரி பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகள் தங்கள் 2,000இல் கண்டியில் என்ன வாங்கினாலும் குறுக்கே பேச வேண்டாம்.

எதிர்பாராததற்கு வைத்த 6,000ஐ ஷொப்பிங்கில் தொட விடாதீர்கள். டிசம்பரில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழைக்காலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவால் மலையக வீதிகள் எத்தனை அடைபட்டன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல்நாள் மாலை மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பாதை அடைபட்டால் ஒரு இரவு கூடத் தங்கவோ சுற்றுப்பாதையில் போகவோ இந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

மூன்று தவணையைப் பற்றிக் கேட்டீர்கள். தவறாமல் கட்டினால் வட்டி இல்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஒரு நாள் பிந்தினாலும் தாமதக் கட்டணம் வரும். 24,000க்கு எடுத்தால் அன்றே 8,000, அடுத்தது ஜனவரியில் 8,000, பிறகு பெப்ரவரியில் 8,000. ஜனவரியில் கொப்பி, வசதிக் கட்டணம், பாடசாலை வேன் எல்லாம் ஒன்றாக வரும் நேரத்தில் அந்த 8,000உம் வந்து நிற்கும். இந்த வருடம் எடுக்க வேண்டாம். இதுவரை கார்டுக்குக் கட்டிவந்த மாதத் தொகையை ஜனவரியிலிருந்து தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். மாதம் 3,000 என்றால் அடுத்த டிசம்பருக்கு 36,000 சேர்ந்திருக்கும். சப்பாத்துக்கும் உடுப்புக்கும் தவணை கேட்கத் தேவையிராது.